இரண்டு நியூ வால்யூம்

"இது செத்துப் போச்சு!"

கண்ணாடி மேசை மேல் ஹார்ட் டிஸ்க்கை அவள் வைத்த வேகத்தில் கடையில் இருந்த நாலு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். வெளியே மழை கொட்டோ கொட்டென்று கொட்டிக்கொண்டிருந்தது. அவள் குடையிலிருந்து ஒரு குட்டி ஆறு கிளம்பி, பழுது பார்க்க வந்திருந்த பிரிண்டர்களை நோக்கி நிதானமாகப் போய்க்கொண்டிருந்தது.

மேசைக்கு அந்தப் பக்கம் யாரும் இல்லை. இல்லையில்லை... இருந்தான். தரையில் எதையோ தேடிக்கொண்டிருந்தவன் மெதுவாக எழுந்தான். முதலில் கலைந்த தலைமுடி. அப்புறம் ரெண்டு கண். அப்புறம் உதட்டுக்கு நடுவில் ஒரு ஸ்க்ரூ.

"மெதுவா வைங்க..." என்றான், ஸ்க்ரூவை எடுக்காமலே. "சாகாம இருந்தாக்கூட இப்ப செத்திருக்கும்."

அவளுக்குச் சுர்ரென்று ஏறியது. ஆனால் அவன் அவளைப் பார்க்கவே இல்லை. முதலில் டிஸ்க்கைத்தான் பார்த்தான். ரெண்டு கையாலும் எடுத்து, காதோரம் வைத்து, லேசாகச் சாய்த்து... காய்ச்சல்கார குழந்தையைத் தூக்குகிற மாதிரி. அதற்கு அப்புறம்தான் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். மழையில் நனைந்த கண்ணாடிக்குப் பின்னால் விளக்கு எரிகிற மாதிரி ஒரு கண்...

சே! சண்டை போட வந்த இடத்தில் கண்ணை எதற்குப் பார்க்கிறோம்?

"போன வாரம் இங்கதான் வாங்கினேன். நானே மாட்டினேன். நாலு ஸ்க்ரூவும் சரியா போட்டேன். கம்ப்யூட்டரை ஆன் பண்ணா, இப்படி ஒண்ணு உள்ள இருக்கிறதையே அது ஒத்துக்க மாட்டேங்குது. சும்மா கர்ர்ர்னு சத்தம் மட்டும் வருது."

"சத்தம் வருதா?"

"வருது."

"செத்தது எப்படிங்க சத்தம் போடும்?"

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவள் திரும்பவில்லை.

"எத்தனை ஒயர் மாட்டினீங்க?" என்றான்.

"ஒண்ணு. பவர் ஒயர்."

"இன்னொண்ணு?"

"இன்னொண்ணா...?"

அவன் இப்போதுதான் வாயிலிருந்து ஸ்க்ரூவை எடுத்தான். இழுப்பறையைத் திறந்து மெல்லிசான சிவப்பு ஒயர் ஒன்றை எடுத்து அவள் முன்னால் ஆட்டினான்.

"இதுக்கு ரெண்டு ஒயருங்க. பவர் ஒயர் சோறு போடும். இது பேச வைக்கும். நீங்க சோத்தை மட்டும் போட்டுட்டு வாயைக் கட்டி வச்சிருக்கீங்க. அது பாவம், ஒரு வாரமா உள்ள உக்காந்து சுத்திக்கிட்டே இருந்திருக்கு... எப்ப பேசச் சொல்லுவாங்கன்னு."

அவள் முகத்தில் ஈயாடவில்லை. ஆனாலும் விட்டுக்கொடுக்க மனசு வருமா?

"அதை விக்கும்போதே சொல்ல வேண்டாமா?"

கல்லாவில் உட்கார்ந்திருந்த முதலாளியம்மா கண்ணாடியை மூக்குக்கு இறக்கினாள். "கேட்டேனேம்மா, கேபிள் இருக்கான்னு. 'எங்களுக்குத் தெரியும்'னு நீதானே சொன்னே?"

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது அவளுக்கு.

"டேய் திருப்புளி..." முதலாளியம்மா அவனைத்தான் கூப்பிட்டாள். "நாளைக்குப் போய் மாட்டிக் குடுத்துட்டு வா. இந்தப் பொண்ணு மறுபடியும் வந்து நம்ம கண்ணாடியை உடைக்கிறதுக்குள்ள."

"யாரும் வர வேண்டாம். நானே பாத்துப்பேன்" என்றாள் அவள் வீராப்பாக. வாசல் வரைக்கும் போனாள். மழையைப் பார்த்தாள். அவன் கையில் கொடுத்திருந்த சிவப்பு ஒயரைப் பார்த்தாள். அதன் ரெண்டு முனையும் ஒரே மாதிரிதான் இருந்தது... எது எங்கே போகும்?

"பத்து மணிக்கு வரச் சொல்லுங்க" என்றாள், யாரையும் பார்க்காமல். அப்புறம் குடையை விரித்துக்கொண்டே, "ஒன்பதே முக்காலுக்கு வந்தாலும் பரவாயில்ல."

அவன் ஒன்பது நாற்பதுக்கே வந்துவிட்டான்.

அவர்கள் வீட்டு முன் அறைதான் ஒலிப்பதிவு அறை. நாலு சுவரிலும் தடித்த ஸ்பாஞ்ச். உள்ளே நின்றால் சொந்த மூச்சே பெரிதாகக் கேட்கும். அண்ணன் பேசும் புத்தகங்கள் தயாரிக்கிறவன். படிப்பது அண்ணி. வெட்டி ஒட்டுவது அவள். அண்ணியின் இருமல், தும்மல், பக்கம் புரட்டுகிற சத்தம், மத்தியானப் பசியில் வயிறு போடுகிற கடமுடா... எல்லாவற்றையும் பொறுக்கி எடுத்துவிட்டுக் கதையை மட்டும் விடுவதுதான் அவள் வேலை.

இந்தத் தடவை ஒரு மெகா நாவல். நாற்பத்திரண்டு அத்தியாயம். மூன்று மாதமாக அண்ணி படித்து, போன வாரம்தான் முடித்தாள். இப்போது அவளுக்கு எட்டாம் மாதம். ரெண்டு பக்கம் சேர்ந்தாற்போல் படித்தால் மூச்சு வாங்குகிறது. குழந்தை பிறக்கும் வரை மைக் பக்கமே போகக்கூடாது என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். ஆக, அத்தனை குரலும் இருப்பது கம்ப்யூட்டருக்குள் ஒலிப்பதிவுக்கென்றே தனியாக மாட்டியிருக்கிற ஒரே ஒரு டிஸ்க்கில். அதற்கு ஒரு நகல் எடுத்து வைக்கத்தான் இந்த ரெண்டாவது டிஸ்க்கே.

அந்தக் கம்ப்யூட்டரை வீட்டில் வேறு யாரும் தொடுவதில்லை. "குட்டி கை பட்டா எதுவும் தப்பாகாது" என்பான் அண்ணன், வருகிற போகிற எல்லோரிடமும். அந்த ஒரு வரிதான் அவளுடைய தங்கப் பதக்கம். தினமும் ஒரு தடவை மனசுக்குள் எடுத்துத் துடைத்து வைத்துக்கொள்வாள்.

அவன் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கம்ப்யூட்டர் பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றினான். உள்ளங்கையை முதலில் அதன் இரும்புச் சட்டத்தில் வைத்து ஒரு நிமிஷம் சும்மா இருந்தான்.

"என்ன, அதுகிட்ட ஆசீர்வாதம் வாங்கறீங்களா?"

"உடம்புல இருக்கிற கரண்ட்டை இறக்கி வைக்கிறேங்க. நமக்குத் தெரியாது... உள்ள இருக்கிற சில்லுங்களுக்குத் தெரியும். டார்ச் பிடிக்கிறீங்களா?"

பிடித்தாள். பெட்டிக்குள் நாலு வருஷத் தூசி. அவன் பிரஷ்ஷால் மெல்லத் தட்ட, அவள் தும்ம, டார்ச் வெளிச்சம் கூரைக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தது. டிஸ்க்கை இரும்புத் தட்டில் நுழைத்து முதல் ஸ்க்ரூவை முடுக்கினான். ரெண்டாவது. மூன்றாவது...

"மூச்சை ஏன் பிடிக்கிறீங்க?" என்றாள் திடீரென்று.

"நானா?"

"ஒவ்வொரு ஸ்க்ரூவுக்கும் பிடிக்கிறீங்க. முடிஞ்சதும் மூக்கால விடறீங்க."

"இத்தனை வருஷத்துல யாரும் சொன்னதில்லையே..."

"மூச்சைக் கேக்கிறதுதாங்க என் பொழப்பே."

நாலாவது ஸ்க்ரூ அவன் விரலிலிருந்து நழுவியது. டிங்... டிங்... பெட்டியின் அடியில் எங்கோ போய் ஒளிந்துகொண்டது. ரெண்டு பேரும் ஒரே நேரத்தில் குனிந்தார்கள். மடேர்!

"ஆ..."

"ஐயோ, வலிக்குதா?"

"இல்ல... உங்களுக்கு?"

நெற்றியைத் தேய்த்துக்கொண்டே ரெண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஒரு ஜாண் தூரத்தில் அந்தக் கண். ஸ்பாஞ்ச் அறையில் ரெண்டு மூச்சுச் சத்தம் மட்டும். இந்தத் தடவை மூச்சைப் பிடித்திருந்தது அவள்.

ஒருவழியாக ஸ்க்ரூ கிடைத்தது. சோறு ஒயர், பேச்சு ஒயர் ரெண்டையும் மாட்டினான். கம்ப்யூட்டரை எழுப்பி, டிஸ்க்குகளின் பட்டியலைத் திறந்தான். அங்கே இருந்தது! கறுப்புப் பட்டையோடு, இன்னும் எழுதப்படாத சிலேட்டு மாதிரி அந்தப் புது டிஸ்க்.

"பாருங்க, உயிரோட இருக்கு. கம்ப்யூட்டர்கிட்ட முறையா அறிமுகப்படுத்தணும், அவ்வளவுதான்." ரெண்டு மூன்று சொடுக்கு. பட்டை நீலமாக மாறியது. புது டிஸ்க்குக்குக் கம்ப்யூட்டர் தானாகவே 'நியூ வால்யூம்' என்று பெயர் போட்டது.

அவன் புருவம் உயர்ந்தது. "என்னங்க இது... பழசுக்கும் இதே பேரு?"

"வாங்கினப்ப அதுவா வச்ச பேரு. மாத்தலை."

"நாலு வருஷமாவா? பழசும் நியூ, புதுசும் நியூ. ஒரே கம்பெனி, ஒரே அளவு வேற. ரெட்டைப் பிள்ளைங்களுக்கு ஒரே பேரை வச்ச மாதிரி இருக்கு."

"நமக்குத் தெரியுதுல்ல, எது எதுன்னு?"

"சரி... உங்களுது எல்லாம் பெரிய பெரிய ஆடியோ ஃபைல். அதுக்குத் தோதா புதுசை இன்னொரு தடவை ஃபார்மட் பண்ணிடறேன். அப்புறம் ஒழுங்கா ஒரு பேரு வைப்போம்."

அப்போது பார்த்து அவன் போன் துடித்தது. முதலாளியம்மா. ஸ்பாஞ்ச் அறையில் எந்தப் போனும் ஒழுங்காகப் பேசாது. "ரெண்டே நிமிஷம். எதையும் தொடாதீங்க" என்று சொல்லிவிட்டு வாசலுக்கு ஓடினான்.

எதையும் தொடாதீங்க... யாரிடம் சொல்கிறான்? என் கம்ப்யூட்டரில், என் அறையில், என்னிடம்! ஒரு ஃபார்மட். அதுகூடவா தெரியாது? அவன் திரும்பி வரும்போது எல்லாம் முடிந்திருக்க வேண்டும். "அட..." என்று அவன் சொல்ல வேண்டும். அந்தக் கண்ணில் ஒரு சின்ன வியப்பு வர வேண்டும்...

நியூ வால்யூமைத் தேர்ந்தெடுத்தாள். ஃபார்மட் என்பதை அழுத்தினாள். 'உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும், சரியா?' என்று கேட்டது. புது டிஸ்க்கில் அழிய என்ன இருக்கிறது? சரி என்றாள். மூன்று விநாடி. முடிந்தது.

பெருமையோடு இன்னொரு நியூ வால்யூமைத் திறந்தாள், அண்ணியின் நாற்பத்திரண்டு அத்தியாயத்தையும் ஒரு தடவை பார்த்துக்கொள்ள.

காலி.

இதைத் திறந்தாள். காலி.

ரெண்டும் காலி.

காதில் கொய்ங்ங்... கை மவுஸிலேயே ஒட்டிக்கொண்டது. கதவு திறந்தது. அவன் அவள் முகத்தைப் பார்த்தான், திரையைப் பார்த்தான், அவனுக்குப் புரிந்துவிட்டது. அவள் கையை மவுஸிலிருந்து மெல்ல விலக்கினான். அவன் ஒரு வார்த்தை பேசுவதற்குள் பின்னாலேயே அண்ணன் வந்தான். அவன் தோளுக்குப் பின்னால், இடுப்பில் கை வைத்தபடி அண்ணி.

"என்ன தம்பி, முடிஞ்சுதா? ஏன் ரெண்டு பேரும் பேயறைஞ்ச மாதிரி நிக்கறீங்க?"



"என் தப்புங்க சார்" என்றான் அவன். "ரெண்டும் ஒரே பேரு. மாத்தி அழுத்திட்டேன். பழைய டிஸ்க்கு அழிஞ்சு போச்சு."

அப்புறம் நடந்ததெல்லாம் அவளுக்குத் துண்டு துண்டாகத்தான் ஞாபகம். அண்ணன் கத்தியது. அண்ணி நாற்காலியில் உட்கார்ந்தது. "மேலோட்டமாதான் சார் அழிஞ்சிருக்கு. பொருளடக்கத்தைக் கிழிச்ச மாதிரிதான், பக்கமெல்லாம் உள்ள இருக்கும். இது மேல இனி ஒண்ணும் எழுதாம இருந்தா எடுத்துடலாம். மூணு நாள் குடுங்க" என்று அவன் கெஞ்சியது. ரெண்டு டிஸ்க்கையும் கழற்றித் துணியில் சுற்றி எடுத்துப்போனது. அண்ணன் முதலாளியம்மாவுக்குப் போன் போட்டு மறுபடியும் கத்தியது. எல்லாம் ஓய்ந்த பிறகு அவள் தலையைத் தடவிச் சொன்னான்...

"நல்ல வேளை குட்டி, உன் கை படல. பட்டிருந்தா உன் மனசு என்ன பாடுபட்டிருக்கும்!"

சோறு இறங்கவில்லை அவளுக்கு.

மறுநாள் மத்தியானம் கடைக்குப் போனாள். உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனாள். சத்தியமாக! ஆனால் முதலாளியம்மா முந்திக்கொண்டாள்.

"வாம்மா. உங்க அண்ணன் கத்தின கத்துல என் காதே அடைச்சுப் போச்சு. அடுத்த மாசம் ரெண்டாவது கடை திறக்கிறேன். இவன்கிட்டதான் சாவியைக் குடுக்கறதா இருந்தேன். இப்ப யோசனையா இருக்கு... அடுத்தவங்க பொருளை இப்படித் தொலைக்கிறவனை நம்பி எப்படி ஒரு கடையை விடறது?"

"அது வந்து... நான்..."

"மேடம், இங்க வாங்க. ஃபைல் காட்டறேன்" என்றான் அவன் உள் அறையிலிருந்து, அவசரமாக.

உள்ளே போனாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "ஏன் இப்படிப் பண்ணீங்க?"

"திறந்து போட்டுட்டுப் போனது நான்தானே? பாதி என் தப்பு."

"மீதி பாதி?"

அவன் ஒரு ஸ்க்ரூவை எடுத்து விரலுக்கு நடுவில் உருட்டினான். "உங்க அண்ணி வாசல்ல நின்னுக்கிட்டிருந்தாங்க. உங்க முகத்துல ரத்தமே இல்ல. அந்த நேரத்துல வேற ஒண்ணும் தோணல..."

"உங்க கடை போகுதே?"

"முதல்ல உங்க ஃபைல் வரட்டும்."

"நான் அண்ணன்கிட்ட சொல்லிடறேன்."

"எல்லாம் கிடைச்ச பிறகு சொல்லுங்க. இப்ப சொன்னா அவங்களுக்கு ஒண்ணுக்கு ரெண்டு கவலை."

சரி என்றாள். ரொம்ப சீக்கிரமாகச் சரி என்றாள். அது அண்ணனுக்காக இல்லை, அந்தப் பதக்கத்துக்காக என்று அவளுக்கே தெரிந்தது. தெரிந்தும் தலையை ஆட்டினாள்.

பழைய டிஸ்க்கிலிருந்து கிடைத்ததையெல்லாம் புது டிஸ்க்கில் இறக்கிக்கொண்டிருந்தான். திரையில் நூற்றுக்கணக்கில் வரிசை. எதற்கும் பெயர் இல்லை. ஒன்று, ரெண்டு, மூன்று என்று வெறும் எண்.

"அறுநூத்திப் பதினோரு துண்டு. எது எந்த அத்தியாயம்னு ஒண்ணும் தெரியல. முதல்ல முழிச்சேன்..." என்று சொல்லி ஹெட்போனை அவளிடம் நீட்டினான். "அப்புறம் இதைக் கேட்டேன்."

காதில் வைத்தாள். அவளுடைய குரல்! "அத்தியாயம் பதினேழு... பகுதி மூணு..." அப்புறம்தான் அண்ணி.

ஆமாம். ஒவ்வொரு துண்டையும் பதியும்போது முன்னால் அவள்தான் எண்ணைச் சொல்லுவாள். வெட்டும்போது தூக்கிப் போட்டுவிடுகிற குரல். இதுவரை யார் காதுக்கும் போகாத குரல்.

"ஒவ்வொண்ணுலயும் முதல் அஞ்சு விநாடி கேட்டா போதும். நம்பர் தெரிஞ்சுடும், பேரு போட்டுடலாம். இருநூத்தி நாப்பது வரைக்கும் முடிச்சிட்டேன்." அவன் காது மடல் லேசாகச் சிவந்தது. "பதினேழுல உங்களுக்கு ஜலதோஷம். இருபத்தி ரெண்டுல பயங்கரக் கோபம், யார் மேலன்னு தெரியல. இருபத்தஞ்சுல... நடுவுல கொட்டாவி."

"ஐயய்யோ! அதெல்லாமா கேட்டீங்க?"

"பதினொண்ணை மட்டும் 'பதின்னொண்ணு'ன்னு அழுத்திச் சொல்றீங்க. ஏன்?"

"சொல்லல!"

"இருபது தடவை சொல்லியிருக்கீங்க. போட்டுக் காட்டவா?"

அவள் ஹெட்போனைப் பிடுங்கினாள். சிரித்துவிட்டாள். அவனும்தான். வெளியே மழை தகரக் கூரையில் தடதடவென்று ஓடியது. அன்றைக்கும், அடுத்த நாளும், அதற்கு அடுத்த நாளும் மத்தியானம் ஆனால் பிளாஸ்கில் டீயோடு அவள் அங்கே இருந்தாள். ஆளுக்கொரு காது. அவன் துண்டுகளைத் திறப்பான், அவள் பெயர் சொல்லுவாள், அவன் டைப் அடிப்பான். சில துண்டில் எண் அறுந்துபோயிருக்கும். அப்போது அண்ணியின் மூச்சை வைத்தே கண்டுபிடிப்பாள்: "இது முப்பதுக்கு மேல... பாருங்க, அரை வரிக்கே மூச்சு வாங்குறாங்க." அவன் கண்ணை விரித்து அவளையே பார்ப்பான். "அட..." என்பான்.

அன்றைக்கு அவள் ஆசைப்பட்ட அதே வியப்பு. அது இப்போது உள்ளே முள்ளாகக் குத்தியது.

நாலாம் நாள் காலையில் ரெண்டு டிஸ்க்கையும் கொண்டுவந்து மாட்டிவிட்டான். பழசுக்கு 'குரல்', புதுசுக்கு 'குரல் நகல்' என்று பெயர். அறுநூற்றுப் பதினோரு துண்டும் ரெண்டிலும் இருந்தது. அண்ணன் நின்றபடியே ஏழெட்டைப் போட்டுக் கேட்டான். அண்ணி கண்ணை மூடிக் கேட்டாள். அறையில் பெருமூச்சு விடாதவர் யாரும் இல்லை.

"சரி, கிடைச்சுது" என்றான் அண்ணன். "சந்தோஷம். ஆனா தம்பி, இனிமே நீ இந்த வீட்டுக்கு வராதே. உங்க முதலாளியம்மாகிட்டயும் சொல்லிட்டேன். அவங்களும் அந்தக் கடைக்கு வேற ஆளைப் போட்டுக்கறதா சொல்லிட்டாங்க. உன் மேல எனக்குக் கோபம் இல்ல. பயம்."

அவன் குனிந்து கருவிப் பைக்கு ஜிப் போட்டான். அவளைப் பார்க்கவில்லை. வேண்டுமென்றேதான் பார்க்கவில்லை... பார்த்தால் அவள் பேசிவிடுவாளோ என்று.

பை தோளுக்கு ஏறியது. ஒரு அடி. ரெண்டு அடி...

"அண்ணா, அது நான்."

ஸ்பாஞ்ச் அறையில் அவள் குரல் எதிரொலி இல்லாமல் நின்றது.

"என்ன நீ?"

"அழிச்சது நான். அவர் வெளிய போன் பேசிக்கிட்டிருந்தார். தொடாதேன்னு சொல்லிட்டுத்தான் போனார். எனக்குத் தெரியும்னு காட்டிக்கிறதுக்காக நான்தான் அழுத்தினேன். இவர் என்னைக் காப்பாத்த பழியை வாங்கிக்கிட்டார். நாலு நாளா நான் வாயை மூடிக்கிட்டு இருந்தேன். அவர் கடை போகுதுன்னு தெரிஞ்சும்..." அண்ணனை நேராகப் பார்த்தாள். "என் கை பட்டா தப்பாகாதுன்னு சொல்லுவியே அண்ணா... பட்டுதான் தப்பாச்சு."

அண்ணன் அவளைப் பார்த்தான். கோபத்தைத்தான் எதிர்பார்த்தாள். வந்தது வேறு.

"என்கிட்ட சொல்ல உனக்கு நாலு நாள் ஆச்சா குட்டி?"

அவள் அழுதுவிட்டாள். அண்ணிதான் எழுந்து வந்து தோளோடு அணைத்துக்கொண்டாள். "விடுங்க அவளை. மூணு மாசமா நான் தப்பா படிச்சதை எல்லாம் ஒண்ணு விடாம வெட்டி எடுத்தவ. ஒரு நாள் வெட்டக்கூடாததை வெட்டிட்டா. அதான் திரும்ப வந்துடுச்சே!" அப்புறம் அவன் பக்கம் திரும்பினாள். "நீ என்னப்பா, யாரு தப்பு பண்ணாலும் உன் கணக்குல எழுதிப்பியா?"

"இல்லைங்க... இது ஒண்ணுதான்" என்றான் அவன். அண்ணி அவனையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஓஹோ..." என்றாள், ரொம்ப நீளமாக.

அண்ணன் வாசலுக்குப் போய்ப் போன் போட்டான். முதலாளியம்மாவின் குரல் ஸ்பீக்கர் போடாமலே தெரு வரைக்கும் கேட்டது.

"அம்மா, நான் கத்தினதை எல்லாம் வாபஸ் வாங்கிக்கறேன். தப்பு எங்க வீட்டுலதான். உங்க ஆள் மேல ஒரு தப்பும் இல்ல. அந்தச் சாவியை அவர்கிட்டயே குடுங்க."

"அப்படின்னா அவன் என்கிட்ட பொய் சொல்லியிருக்கானா? வரச் சொல்லுங்க அவனை! கடையைக் குடுத்துட்டு அப்புறமா திட்டறேன்!"

மழை தூறலாக இளைத்திருந்தது. கேட் வரைக்கும் அவள் குடை பிடித்துக்கொண்டு போனாள். ஒரே குடை. அவன் பாதி நனைந்தான். நகர்ந்து வரத் தைரியம் இல்லை.

"நீங்க சொல்லியிருக்க வேண்டாம்" என்றான்.

"சொல்லாம இருந்திருந்தா, இனி உங்க முகத்தை எப்படிப் பாக்கிறது?"

"பாக்கணுமா... என் முகத்தை?"

அவள் கேட்டின் தாழ்ப்பாளைப் பிடித்தபடி தரையைப் பார்த்தாள். அவன் தொண்டையைச் செருமினான்.

"ஒண்ணு சொல்லவா? சிரிக்கக்கூடாது. நேத்து கடையில ஸ்க்ரூ எண்ணிக்கிட்டிருந்தேன். ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு... எல்லாம் உங்க குரல்லயே எண்ணுது. பதின்னொண்ணு வந்ததும் விட்டுட்டேன். மறுபடி முதல்லேர்ந்து எண்ணினேன். நாலு தடவை. எத்தனை ஸ்க்ரூன்னு இன்னும் தெரியல."

அவள் சிரிக்கவில்லை. நிமிர்ந்தாள். தூறல் அவன் இமையில் ஒரு முத்தாக நின்றுகொண்டிருந்தது.

"எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு" என்றாள்.

அவன் மூச்சைப் பிடித்தான். அவளுக்குக் கேட்டது. ரொம்ப நேரம் பிடித்தான்... அப்புறம் விட்டான்.

"எனக்கும்" என்றான். "அன்னைக்குக் கண்ணாடி மேசையை நீங்க உடைக்கப் பாத்தீங்களே, அப்பலேர்ந்து." பையின் வாரை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றினான். "ஞாயித்துக்கிழமை எங்க அம்மாவைக் கூட்டிக்கிட்டு வரவா? அதுவரைக்கும் வீட்டுல ஒண்ணும் சொல்ல வேண்டாம். இப்பதான் ஒரு புயல் அடிச்சு ஓய்ஞ்சிருக்கு. மெதுவா, நேரம் பாத்து..."

"இல்ல" என்றாள் அவள்.

"இல்லையா?" அவன் முகம் பொசுக்கென்று வாடியது.

"கூட்டிக்கிட்டு வாங்க. ஆனா வீட்டுல இன்னைக்கே சொல்லிடுவேன். நாலு நாள் ஒண்ணை உள்ள வச்சிருந்து பட்டது போதும்."

குடையை அவன் கையில் திணித்தாள். தூறலில் நனைந்தபடியே படியேறினாள். ரெண்டு ரெண்டு படியாக...

"அண்ணா!" உள்ளே போகும்போதே குரல் கொடுத்தாள். "உக்காரு. இன்னொண்ணும் சொல்லணும்."